வாக்குத்தத்தக் கார்டு பலிக்கவில்லை, அதை இனி என்ன செய்வது?

தேரிக்காட்டான் | நவம்பர் 17, இரவு 11.52

உபதேசம் வேண்டாம், அனுபவம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம், தேரி மண் பக்கம். சிஎஸ்ஐ சபை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். போன வருஷம், 2023 அக்டோபரில், அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. தெரியும்போதே அது ஈரல் வரைக்கும் போயிருந்தது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் சித்தப்பா பையனும் தூக்கிக்கொண்டு போனோம். பன்னிரண்டு அடித்ததும் முழங்காலில் இருந்து எழுந்து எல்லாரும் கைகொடுத்துக்கொள்வோம், அப்புறம் வரிசையில் போய் ஐயர் வைத்திருக்கும் தட்டில் கவிழ்த்துப் போட்ட கார்டுகளில் ஒன்றை எடுப்போம். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) அப்பாவால் வரிசையில் நிற்க முடியாது என்று ஐயரே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்."

ஐயர் சத்தமாக வாசித்ததும் கோயில் முழுக்க ஸ்தோத்திரம். அம்மா அழுதார்கள். நானும்தான். ரோஸ் கலர் கார்டு, மூலையில் ஒரு புறா, ஓரத்தில் தங்க நிறக் கோடு. அப்பா அதைத் தன் போன் கவருக்குள் செருகிவைத்துக்கொண்டார்கள். கண்ணாடி மாதிரிக் கவர் என்பதால் போனைக் காதில் வைக்கும்போதெல்லாம் எதிரில் இருப்பவருக்கு வசனம் தெரியும்.

ஜூன் இரண்டாவது வாரம் அப்பா போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தது: மூக்குக்கண்ணாடி, பல்செட், ஒரு செருப்பு (இன்னொன்று கடைசி வரை கிடைக்கவில்லை), போன். போனைத் திருப்பினால், நான் சாவாமல் பிழைத்திருந்து.

ஐந்து மாதம் ஆகிறது. போன் ஷோகேஸில், அப்பா வாங்கிய கேடயங்களுக்கு நடுவில், கார்டோடு அப்படியே இருக்கிறது. அம்மா தினமும் அதைத் துடைத்து வைக்கிறார்கள், ஆனால் வசனம் இருக்கிற பக்கத்தைச் சுவர் பார்க்கத்தான் வைக்கிறார்கள். தேவனுடைய வார்த்தை, குப்பையில் போட முடியாது. எரிக்கவும் மனம் வராது. இன்னும் ஆறு வாரத்தில் அடுத்த 31 வந்துவிடும். நேற்று அம்மா போனில் கேட்டார்கள், "இந்த வருஷம் கார்டு எடுக்கணுமாய்யா?" நான் பதில் சொல்லாமல் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

---

ஜெயவீரன் | நவம்பர் 18, காலை 6.10

ஸ்தோத்திரம் பிரதர். உங்கள் துக்கத்தில் பங்கெடுக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாக்குத்தத்தம் தானாக நிறைவேறாது, அதை விசுவாசத்தோடு தினமும் அறிக்கை செய்து சுதந்தரித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவர் சந்தேகப்பட்டாலும் தடை வரும். கர்த்தர் பொய் சொல்ல மனிதன் அல்ல. குறை எந்தப் பக்கம் என்று ஜெபத்தில் கேட்டுப் பாருங்கள்.

---

மூன்றாம்பெஞ்சு | நவம்பர் 18, காலை 9.33

காலையில் காபி குடிக்கும் முன்னாலேயே ஒருத்தர் வந்து செத்தவர் வீட்டில் "குறை எந்தப் பக்கம்" என்று கணக்கு எடுக்கிறார். உபதேசம் வேண்டாம் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறார் அய்யா, அதையும் விசுவாசத்தோடு வாசித்திருக்கலாம்.

தேரிக்காட்டான் அண்ணே, முதலில் வருத்தங்கள். அப்புறம் இந்தக் கார்டு சமாச்சாரத்தைப் பற்றி. நான் பிறந்ததிலிருந்து சபைக்குள் வளர்ந்தவன், எங்கள் வீட்டுப் பெயர் எபெனேசர், பக்கத்து வீடு பெத்தேல், எதிர் வீட்டுக்காரர் இரண்டு மாடி கட்டியதால் பெத்தேல் நம்பர் டூ என்று போட முடியாமல் மகனாயீம் என்று பைபிளில் தேடிப்பிடித்து வைத்தார், போஸ்ட்மேன் இன்றுவரை மகாநாயகம் என்றுதான் கூப்பிடுவார். அந்த மாதிரி ஊர். எங்கள் அம்மா கார்டு எடுக்கும் முறை இப்படி: முதல் கார்டில் "பாடு", "சிட்சை" என்று ஏதாவது வார்த்தை இருந்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வருவார். ஒரு வருஷம் மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" கிடைத்த பிறகுதான் வீட்டுக்கே கிளம்பினோம். அந்த வருஷம் எங்கள் சபையில் குறைந்தது நாற்பது குடும்பத்துக்குத் தலையாக்குவார்தான் வந்திருந்தது. சபை மன்றத் தேர்தல் வேறு அந்த வருஷம். எல்லாரும் தலை, ஒரு வால் கூட இல்லை, கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். கார்டு அச்சடிப்பவர் யாராவது சங்கீதம் 88ஐப் போட்டிருக்கிறாரா? இருளிலேயே ஆரம்பித்து இருளிலேயே முடிகிற சங்கீதம் அது, அதுவும் வேதத்தில்தானே இருக்கிறது. குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்கிற 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் யாருக்காவது புது வருஷ ஆசீர்வாதமாக வந்திருக்கிறதா? வராது. யாரோ ஒருவர் அச்சகத்தில் உட்கார்ந்து இனிப்பானதை மட்டும் பொறுக்கி அடுக்கியிருக்கிறார், நாம் அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டுக் கர்த்தர் எடுத்துக்கொடுத்தார் என்கிறோம்.

---

பழையபஞ்சாங்கம் | நவம்பர் 18, பிற்பகல் 3.05

மூன்றாம்பெஞ்சு சிரிக்கவைத்தார். வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை என்பதை மட்டும் சேர்த்துவிடுகிறேன், ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியாருக்கு வேறு என்ன வேலை.

ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சிற்றூர். மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறிய இடம். 1728இல் அவர் ஒவ்வொரு நாளும் ஒரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லியனுப்ப ஆரம்பித்தார். 1731இல் அது புத்தகமாகவே வந்துவிட்டது, இன்றுவரை ஒவ்வொரு ஆண்டும் வந்துகொண்டிருக்கிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள், அதற்குப் பொருத்தமாகப் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் வைத்துத் தேடிச் சேர்ப்பார்கள். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக்கூடச் சீட்டுப் போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். அதே மொரேவியர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து ஒரு தோட்டத்தில் குடியிருந்தார்கள். நம் கார்டு அவர்களிடமிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இரண்டும் ஒரே சாதி வழக்கம், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே எடுக்கும் வசனம் அன்றைய நாளுக்கு, எல்லாருக்கும் பொது. அதை வைத்துக்கொண்டு அன்று முழுக்க யோசிப்பார்கள். நம்மிடம் அது ஆளுக்கு ஒன்று, ஒரு வருஷத்துக்குச் செல்லுபடியாகும் உத்தரவாதச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. மிக்சி வாங்கினால் கொடுப்பார்களே, அப்படி. மிக்சி நின்றால் சீட்டை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு புதிய ஏற்பாட்டில் சபை எதற்கும் சீட்டுப் போட்டதாக இல்லை. இதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

---

தேரிக்காட்டான் | நவம்பர் 18, இரவு 10.47

எல்லாருக்கும் நன்றி. மகாநாயகம் வாசித்துவிட்டு ஆபீசில் சிரித்துவிட்டேன், ரொம்ப நாள் ஆச்சு.

ஜெயவீரன், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீங்கள் முதல் ஆள் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்களிலேயே நாலு பேர் இதைச் சொன்னார்கள். ஒரு அத்தை, பந்தலில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏழு நாள் உபவாசம் இருந்திருந்தா கட்டு அறுந்திருக்கும்" என்றார்கள். எந்தக் கட்டு? டாக்டர் ஸ்கேனில் காட்டியது கட்டி.

என் உண்மையான பிரச்சினையை நேற்று நான் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வசனம் பலிக்கவில்லை என்பது கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. எழுபத்தோரு வயது, அந்த நோய், டாக்டர் ஜனவரியிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு "மழைக்காலம் பார்ப்பது கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கார்டு வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் சாவு என்ற வார்த்தையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் அவிசுவாசம். நான் ஒருமுறை, "அப்பா, பேங்க் லாக்கர் யார் பேரில் இருக்கு" என்று கேட்டதற்கே அம்மா என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய், "அப்பா மனசைக் கெடுக்காத" என்றார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்த வசனத்தைச் சொல்லி, அப்பாவை ஆமென் சொல்லவைத்துவிட்டுப் போவார்கள். மே மாதம் அப்பாவுக்குக் கை கால் எல்லாம் வீங்கி, ஆமென் சொல்லவே மூச்சு வாங்கும். அப்பவும் சொல்வார்கள். எதிராளி மனம் நோகக்கூடாது என்று.

ஆறு மாதம் எங்கள் வீட்டில் மூன்று பேரும் மாறி மாறி நடித்தோம். நான் போய்வருகிறேன்ப்பா என்று ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் ரயிலுக்குக் கிளம்புவேன், அப்பா "அடுத்த மாசம் அசனத்துக்கு லீவு சொல்லிட்டியா" என்பார்கள். அசனம், அதாவது கோயில் விருந்து, ஜூலையில். எங்கள் ஊர் அசனம் அப்பாவின் பொறுப்பு, முப்பது வருஷமாக. அரிசி வடித்து ஓலைப்பாயில் கொட்டுவதிலிருந்து, ஆட்டுக்கறிக் குழம்பு அண்டாவுக்கு உப்புப் பார்ப்பதுவரை அப்பாதான். கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்த்துவிட்டு ஒரு தலையாட்டல், அதற்குப் பிறகுதான் பந்தி. அதைப் பற்றிப் பேசுவார்கள், மழை பற்றிப் பேசுவார்கள், என் சம்பளம் பற்றிக் கேட்பார்கள். ஒரு நாள் கூட, "தம்பி, நான் போயிட்டா..." என்று ஆரம்பிக்கவில்லை. நானும் ஆரம்பிக்கவிடவில்லை.

அந்த ஒரு பேச்சை அந்த ரோஸ் கார்டு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதுதான்.

---

கடலோரக்காரி | நவம்பர் 19, காலை 11.20

தம்பி, நாங்கள் கத்தோலிக்கர், கன்னியாகுமரிப் பக்கம் மீனவக் கிராமம். எங்களுக்கு இந்தக் கார்டு கிடையாது, நேர்ச்சை உண்டு, அதில் வேறு விதமான வழக்கு.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். என் மாமா போன படகு திரும்பவில்லை. ஆழ்கடலுக்குப் போனவர்கள், புயல் உருவானது கரையிலிருந்து போய்ச் சொல்ல வழியே இல்லாத தூரத்தில் இருந்தார்கள். உடல் கிடைத்தவர்களுக்கு மரபணுச் சோதனை செய்து கொடுத்தார்கள். கிடைக்காதவர்கள் வீட்டில் என்ன செய்வது? எந்தத் தேதியை இறந்த நாளாக வைத்துப் பூசை கொடுப்பது? அத்தை வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன், ஆளை மட்டும் கரை சேர்த்துவிடு என்று நேர்ந்திருந்தார். ஆள் வரவில்லை. இரண்டு வருஷம் மாமா போன் நம்பருக்கு மாதா மாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார், நம்பர் வேறு யாருக்கும் போய்விடக்கூடாது என்று. கடைக்காரப் பையனுக்குத் தெரியும், ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பையன் செய்ததுதான் எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த பெரிய ஊழியம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும்போது அத்தை கடற்கரைக்குப் போவார். காற்றுக்குத் திரி நிற்காது. தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி அதற்குள் ஏற்றிவைப்பார். இந்த வருஷமும் வைத்தார். உங்களுக்கு உடலாவது கிடைத்தது என்று சொல்ல நான் வரவில்லை, அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது. அந்தப் பேச்சு நடக்கவில்லை என்கிறீர்களே, அது எங்களுக்குத் தெரியும். மாமா கிளம்பும்போது அத்தை கடைசியாகச் சொன்னது, "வரும்போது மண்ணெண்ணெய் கேனைக் கொண்டு வாங்க, மறந்துட்டு வராதீங்க."

---

சும்மாவந்தவன் | நவம்பர் 19, மதியம் 1.15

நான் கிறிஸ்தவன் இல்லை, தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்கள் அப்பா ஜாதகத்தில் எண்பத்திரண்டு வயசு தீர்க்காயுசு என்று எழுதியிருந்தது. ஐம்பத்தொன்றில் போனார். ஜோசியரிடம் கேட்டதற்குப் பிறந்த நேரத்தை உங்கள் பாட்டி தப்பாகக் குறித்திருப்பார் என்றார். பழி செத்துப்போன பாட்டி மேல். ஆக எல்லா இடத்திலும் ஜெயவீரன்கள் உண்டு.

ஜாதகத்தைத் தாமிரபரணியில் விட்டோம். உங்களில் பழைய பைபிள் எல்லாம் கிழிந்தால் என்ன செய்வீர்கள்? உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறேன்.

---

மூன்றாம்பெஞ்சு | நவம்பர் 19, மதியம் 1.40

பரணில் போடுவோம். எங்கள் வீட்டுப் பரணில் மூன்று தலைமுறை இருக்கிறது. சிலர் இறந்தவரோடு பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அண்ணே, அன்றைக்கு அந்தக் கார்டையும் பெட்டிக்குள் வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை என்று தோன்றுகிறது, ஆனால் அன்றைக்கு யாருக்கு அதெல்லாம் தோன்றும்.

---

ஆனி_பாளையங்கோட்டை | நவம்பர் 19, இரவு 9.02

தம்பிக்கு அக்கா எழுதுகிறேன். இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன், நீங்கள் உபதேசம் வேண்டாம் என்றதால்.

எபிரெயர் 11, விசுவாச வீரர்கள் அதிகாரம் என்று எல்லாரும் பிரசங்கிப்பார்களே, அதைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். சிங்கங்களின் வாயை அடைத்தார்கள் வரைக்கும் சத்தமாக வரும். அதற்குப் பிறகு வாளால் அறுப்புண்டவர்கள், கல்லெறியுண்டவர்கள் வருகிறார்கள். கடைசியில் 39ஆம் வசனம், இவர்கள் எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும், "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்" என்று வெளிப்படையாகவே சொல்கிறது. குறை அவர்கள் பக்கம் என்று அந்த ஆசிரியர் எழுதவில்லை.

நம் ஊர்க் கதை ஒன்றும் இப்படித்தான் பாதியில் நிற்கும். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி ஞாயிறு பள்ளியில் என்ன கேட்டிருப்பீர்கள்? சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தார், கிடைக்கவில்லை, பிறகு இந்தியாவுக்கு வந்தபோது பழுப்புக் கண்தான் உதவியது. எல்லாம் நன்மைக்கே, ஆமென், பிள்ளைகள் மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். 1931இல் அவர் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்ததை யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு 1951இல் சாகும்வரை இருபது வருஷம் பெரும்பாலும் அறையை விட்டு வரவில்லை. அந்த இருபது வருஷத்துக்கு நீலக் கண் கதை மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுக்க யாராலும் முடியவில்லை, அதனால் விட்டுவிட்டார்கள். கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்றார், பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து அதில் அம்மா என்று மட்டும் எழுதினார்கள்.

அப்புறம் உங்கள் வசனம். இதைச் சொன்னால் ஆறுதலா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. 113இலிருந்து 118 வரை உள்ள சங்கீதங்களை யூதர்கள் பஸ்கா இரவில் பாடுவது வழக்கம். கடைசிப் பந்தியில் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதியிருப்பது இந்தப் பாட்டைத்தான் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் பாட்டு முடிகிற இடம் 118. நான் சாவாமல் பிழைத்திருந்து என்று பாடிவிட்டு எழுந்து போனவர் மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு இறந்தார்.

ஈஸ்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நான் சொல்வது அந்த வியாழன் இரவு. அந்த வரியைப் பாடும்போது அவருக்குத் தெரியும்.

கார்டின் பின்பக்கம் என்ன இருக்கிறது தம்பி? எங்கள் சபைக் கார்டுகளில் வருஷத்தையும் குருவானவர் பெயரையும் போடுவார்கள். வருஷம் போட்டிருந்தால் அம்மாவிடம், இது போன வருஷக் கார்டு, காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

---

ஜெயவீரன் | நவம்பர் 20, அதிகாலை 2.36

எல்லாரும் திட்டியதை வாசித்தேன். பதில் எழுதிவிட்டு மூன்று முறை அழித்தேன்.

எனக்கு ஒரு மகள். ஏழு வயது. இரத்தத்தில் பிரச்சினை, இரண்டு வருஷமாக மருத்துவம். என் வீட்டுச் சுவரில் வசனம் ஒட்டாத இடம் இல்லை, அவள் கட்டிலுக்கு மேலே இருப்பதும் தேரிக்காட்டான் அப்பாவுக்கு வந்த அதே வசனம்தான். அவருக்குப் பலிக்காமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும், அந்தக் காரணம் என் வீட்டில் இல்லாததாக இருக்க வேண்டும். உங்கள் பதிவை வாசித்தபோது எனக்கு அப்படித்தான் போயிற்று புத்தி. மன்னிப்புக் கேட்கத்தான் எழுதினேன். கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. இப்போதைக்கு முடியாது.

---

தேரிக்காட்டான் | நவம்பர் 20, காலை 7.15

ஜெயவீரன், மாற்றிக்கொள்ள வேண்டாம். கட்டிலுக்கு மேலே இருப்பது அங்கேயே இருக்கட்டும். பாப்பாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், நீங்கள் சென்னை என்றால் ஒரு நாள் வருகிறேன். வசனம் சொல்ல மாட்டேன்.

ஆனி அக்கா, பின்பக்கம் நான் பார்க்கவே இல்லை. கவருக்குள் போனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.

---

தேரிக்காட்டான் | நவம்பர் 24, இரவு 11.10

போனேன், பார்த்தேன்.

வருஷம் போடவில்லை, ஐயர் பெயரும் இல்லை. வெறும் வெள்ளை அட்டை, அதில் அப்பா கையெழுத்து. நீலப் பேனா. அப்பாவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும், இது அப்படி இல்லை, ஒவ்வொரு எழுத்தும் கீழே சரிகிறது. மே மாதம் விரல் வீங்கியிருந்தபோது எழுதியது, சந்தேகமே இல்லை. அப்படியே போடுகிறேன், போன் நம்பரை மட்டும் விட்டுவிட்டு:

"அசனம். நம்ம வீட்டுக் கிடாய் 3. ஏவாரி நம்பர். முன்பணம் 10,000 குடுத்தாச்சி. பாக்கி 32,000 பீரோவில் நீலக் கவர். துண்டுச்சீட்டு கிடையாது, தெரிஞ்ச ஆள்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்கள். நான்தான் முதலில் சொன்னேன், "அம்மா, அப்பா பணம் எங்க வச்சிருக்காங்கன்னு அப்பாவுக்கே எதுக்கு எழுதிவச்சுக்கணும்?" அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீலக் கவரு" என்றார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் கவரை ஜூனிலேயே பார்த்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்கு என்று அப்பா எடுத்துவைத்த பணம் என்று நினைத்து, பெட்டிக்கும் பந்தலுக்கும் வேனுக்கும் செலவழித்துவிட்டோம். அசனக் கிடாய்க் காசில் அடக்கம் நடந்திருக்கிறது. அம்மா சிரிக்க ஆரம்பித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு அம்மா அழ ஆரம்பித்தார்கள், பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்.

வியாபாரிக்குப் போன் செய்தேன். ஜூலையில் யாரும் கூப்பிடவில்லை, சபையில் வேறு ஆளிடம் வாங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாராம். "துட்டு எங்கிட்டதான் இருக்கு தம்பி, அண்ணாச்சி வீட்டு ஆளுக என்னைக்காவது கூப்புடுவீகன்னு தெரியும். ஆனா வெல கூடிட்டு பாத்துக்கிடுங்க" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஆடு கத்துகிறது.

அடுத்த ஜூலைக்கு மூன்று கிடாய் என்று சொல்லிவைத்திருக்கிறோம். 32,000ஐ நான் போட வேண்டும்.

---

கடலோரக்காரி | நவம்பர் 25, காலை 6.48

அப்பா பேசியிருக்கிறார் தம்பி.

---

தேரிக்காட்டான் | ஜனவரி 1, அதிகாலை 2.20

தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே.

கோயிலுக்குப் போனோம். கடைசி வரை அம்மா எடுப்பதாக இல்லை, வரிசை முடிகிற நேரத்தில் எழுந்து போனார்கள். ஐயர் வாசிக்கக் கை நீட்டினார், அம்மா கொடுக்கவில்லை. இந்த வருஷம் பச்சைக் கார்டு. அந்த இடத்திலேயே நின்று முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்கள், வெள்ளையாக இருந்தது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பைபிள் மேல் வைத்து என்னவோ எழுதினார்கள். எட்டிப் பார்த்தேன்.

"பால் பாக்கி 640. கேஸ் புக் மெத்தைக்கு அடியில்."

முன்பக்கம் என்ன வசனம் என்று நான் இன்னும் கேட்கவில்லை.